தகரக் கொட்டகையில் ஒரு மாப்பிள்ளை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று செய்த முதல் வேலை, சந்தனமாரியின் முந்தானையை எடுத்து அவள் புருஷன் முகத்தில் போர்த்தியதுதான். அவர் அதை விலக்கவில்லை. உள்ளேயிருந்தே, "ஊர் வந்துட்டா டீச்சர்?" என்று கேட்டார். வைகாசியில் தாலி கட்டி, ஆனி போய், ஆடியும் பிறந்துவிட்டது. இன்னமும் டீச்சர்தான். அவரிடம் கார் ஓட்டப் படிக்கப் போனபோது தொடங்கிய டீச்சர், மணவறையில்கூட மாறவில்லை, மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு, "வலிக்கா டீச்சர்?" என்று கேட்டவர் ஆதிலிங்கம். சந்தனமாரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நிறுத்தத்தில் தங்கப்பழத்தின் டீக்கடை இருந்தது. நாலு சவுக்குக் கம்பு, மேலே தகரம், கீழே ஒரு பெஞ்சு. "நீங்க இங்க இருங்க. நான் போய் எங்கம்மை முகத்தைப் பாத்துட்டு ஆள் அனுப்புதேன்" என்றாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். அவ்வளவுதான் விஷயம். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. முதல் தடவை மாமியார் வீட்டு நடை ஏறும் மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் வந்து கூப்பிட வேண்டும். மச்சினன் இருந்தால் மச்சினன், இல்லாவிட்டால் சித்தப்பன் பெரியப்பன், அதுவும் இல்லாவிட்டால் சொந்தத்தில் ஒரு ஆண்பிள்ளை. கூப்பிடாமல் போய் ஏறியவனுக்கு அந்த வீட்டில் ஆயுசுக்கும் மதிப்பில்லை, முருங்கைக்காய் பறிக்க ஆள் வேண்டும் என்றால்தான் அவன் ஞாபகம் வரும். சந்தனமாரிக்கு இந்தச் சம்பிரதாயங்களில் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனால் தன் புருஷனுக்கு ஒரு மரியாதைக் குறைவு வருவதை அவள் பொறுக்க மாட்டாள். கல்யாணத்துக்கே வராத அம்மா பிச்சம்மாள், இன்றைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். கூப்பிட வைப்பாள். பத்தாம் வகுப்பு பி பிரிவையே கணக்கில் தேற வைத்தவள், ஒரு பிச்சம்மாளை வழிக்குக் கொண்டுவர மாட்டாளா என்ன.

தெரு வழியாகப் போகாமல் குளத்தங்கரை வழியாகப் போனாள். பயத்தினால் இல்லை, தெரு வழியாகப் போனால் வாசலுக்கு வாசல் நின்று பதில் சொல்ல வேண்டும், நேரமாகும், அவர் அங்கே காத்திருக்கிறார். குளத்தில் தண்ணீர் இல்லை, காற்றுதான் நிறைந்து கிடந்தது. கரையோரத் தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து, ஓலைகள் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. கணவாய்க்குள் நுழைந்து வருகிற காற்று. ஆனியில் வாலை ஆட்டிவிட்டு ஆடியில் தலையைக் காட்டும். மலையடிவாரம் முழுக்கக் கரண்ட் எடுக்கிற காத்தாடிகள் முளைத்து நிற்கின்றன, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே வெறும் உடைமரங்கள்தான். பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. துப்பினாள், துப்பியது காற்றோடு எங்கேயோ போயிற்று. அந்தத் தகரம் ஆணி அடித்ததா, கல் வைத்ததா? சும்மா வந்தது இந்த யோசனை. இறங்கிய வேகத்தில் அவள் மேலே பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அவள் படிக்கிற காலத்தில் அந்தக் கடைக்கு ஓலைக்கூரை, அதன்மேல் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் கிடக்கும். ஓலை பறந்தால் யாருக்கு என்ன, தலையில் விழுந்தால் தட்டிவிட்டுப் போகலாம். தகரம் அப்படி இல்லை. கல் வைத்திருந்தால் பறக்காது, அது சரி. கல்லே விழுந்தால்? ஆணி அடித்திருந்தால் நல்லது, ஆனால் சவுக்குக் கம்பில் அடித்த ஆணி இந்தக் காற்றுக்கு எத்தனை நாள் தாங்கும். சந்தனமாரி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கரை மேட்டில் நின்றால் கடை தெரியாது, வாகை மரம் மறைக்கும். சே, என்ன இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்தக் கொட்டகையில்தானே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், அவனவன் தலையெல்லாம் இருந்த இடத்தில்தானே இருக்கிறது. ஒரு ஆடியில் ஒரு தகரம் பறக்க எவ்வளவு வாய்ப்பு, பறந்த தகரம் ஒரு ஆளின் மேல் விழ எவ்வளவு வாய்ப்பு, விழுகிற அந்த நேரத்தில் அந்த ஆள் ஆதிலிங்கமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் வருவது பூச்சியத்தை ஒட்டின ஒரு சின்னப் பின்னம். நிகழ்தகவுப் பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிறவள் அவள். மனசு மட்டும் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி, பெருக்கலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவன் தலைக்கும் இவர் தலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று அது சொன்னது. மற்றவன் எவனும் உன் கழுத்தில் தாலி கட்டவில்லை.

ஏழில் செவ்வாய். அந்த இரண்டு சொல்லைக் கேட்டுக் கேட்டே அவள் வயசுக்கு வந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், நாற்பதைத் தாண்டினாள். வள்ளியூர் ஜோசியர் ஒருத்தர் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அவர் கண்ணாடி அழுக்காக இருந்திருக்கும், துடைத்திருப்பார். அம்மாவுக்கு அது போதும். தோஷத்துக்குத் தோஷம்தான் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஆண்பிள்ளைக்கு ஆகாது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அம்மா ஜாதகத்தைக் காட்டியே திருப்பி அனுப்பினாள். களக்காட்டில் இருந்து ஒருவன் வந்தான், நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவனுடைய தகப்பனார் எழுந்த வேகத்தில் காப்பி டம்ளர் உருண்டது. அன்றைக்குச் சந்தனமாரி அழுதாள். பிறகு வந்தவர்களுக்கு அழவில்லை, பஜ்ஜிக்கு மாவு கரைப்பதுதான் எரிச்சலாக இருந்தது. ஒருதரம் ஜாதகத்தை மறைத்துவிடலாமே என்று அத்தை ஒருத்தி யோசனை சொன்னதற்கு, "இன்னொருத்தி பெத்த பிள்ளைய நான் கொல்லவா?" என்று அம்மா கேட்டாள். அதோடு அத்தை வருவதும் நின்றது. பிச்சம்மாளுக்கும் ஏழில் செவ்வாய்தான். அப்பாவுக்குக் கிடையாது. யாரோ சரியாகப் பார்க்காமல் கட்டி வைத்துவிட்டார்கள். சந்தனமாரிக்கு ஆறு வயசிருக்கும்போது அப்பா போய்விட்டார். மஞ்சள்காமாலை. மஞ்சளான கண்ணோடு அவர் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, கீழாநெல்லி அரைத்த வாடை ஞாபகம் இருக்கிறது, காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் பச்சிலையை நம்பிக் கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. செவ்வாய் அங்கே எந்தப் பக்கம் வந்தது? குடித்த தண்ணீரில் வந்திருக்கும் கேடு. ஆனால் சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிக்கும்போதே, பிச்சம்மா ஜாதகம் புருஷனைத் தின்னுட்டு என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அதைக் கேட்டாள். நம்பினாள். அன்று முதல் தன்னைக் கையில் அரிவாள் வைத்திருக்கிற ஆள் போலவே நினைத்து நடந்தாள், பிள்ளைக்கும் ஒரு சின்ன அரிவாளைக் கொடுத்து வளர்த்தாள்.

காற்று பக்கவாட்டில் வந்து தள்ளியது. சந்தனமாரி காலை அகட்டி ஊன்றி நடந்தாள். கார் ஓட்டப் படித்தபோது இப்படித்தான், முதல் நாள் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆதிலிங்கம் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார், பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது, "பயம் இருக்கட்டும் டீச்சர். அது மனசுல இருக்கணும், கால்ல எறங்கக் கூடாது" என்றார். லாரி எதிரே வரும், அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவாள், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அந்த வருஷத்து மாங்காய்க் காய்ப்பைப் பற்றிப் பேசுவார், கால் மட்டும் தன்பாட்டுக்குப் பிரேக்கின்மேல் இருக்கும். வருஷக்கணக்காக ஊர்ப்பட்ட கத்துக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து போகிற மனுஷன். ஒருத்தி அவரைக் குளத்துக்குள் இறக்கினாள், ஒருவன் கரண்ட் கம்பத்தில் ஏற்றினான். ஒரு கீறல் இல்லை. சந்தனமாரி தன் ஜாதகத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பிடித்தது. கொஞ்சம் யோசித்தார். "தெனமும் காலையில எவன் எவன் ஜாதகத்துக்குப் பக்கத்துலயோ உக்காந்துதான் போறேன். ஒங்க ஜாதகம் பக்கத்துல உக்காந்தா என்ன, நல்லாத்தான் ஓட்டுதீங்க" என்றார். பள்ளிக்கூடத்துப் புத்தகம் எதிலும் இப்படி ஒரு நிரூபணத்தை அவள் பார்த்ததில்லை. உடனே ஒத்துக்கொண்டாள். அம்மாவிடம் போனில் சொன்னாள். "ஒரு உசுரோட வெளையாடாத" என்றாள் அம்மா. முகூர்த்தத்துக்கு வரவில்லை. பாளையங்கோட்டைக் கோயிலில் தாலி ஏறும்போது சந்தனமாரி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு சிவப்புச் சேலை வந்தது, அது யாரோ. அந்த ஒரு நாளுக்காக அம்மாவை மன்னிக்க முடியாது என்று அப்போது நினைத்தாள். இப்போதும் நினைக்கிறாள். ஆனால் போன வாரம் அம்மாவே கூப்பிட்டு, "ஆடி பொறந்துட்டு. வந்து இருந்துட்டுப் போ" என்றபோது, பழைய கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடும்படி ஆகிவிட்டது. ஆடிக்குப் பிள்ளையைக் கூப்பிடுவது என்றால் என்ன? புதுப்பெண் என்று ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம். நாற்பத்தொரு வயசுப் புதுப்பெண். ஆசிரியர்கள் அறையில் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். அவள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கொண்டு விட வேண்டியது மாப்பிள்ளை பொறுப்பு என்று அவரும் கிளம்பினார். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது. அந்தக் கால் இருக்கிற மனுஷனுக்கு ஒன்றும் வராது. இப்போது அந்தக் காலடியில் பிரேக் இல்லை, பெஞ்சுதான் இருக்கிறது. தகரத்துக்குப் பிரேக் கிடையாது.

வீட்டின் மேற்குக் கதவு வழக்கம்போல அடைத்துக் கிடந்தது. ஆடி முடியும்வரை அதை யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தால் அடுக்களைச் சாம்பல் எல்லாம் பூஜை அறைக்கு வந்துவிடும். கிழக்கே சுற்றிப் போனாள். அம்மா ஜன்னல் இடுக்கில் பழைய சாக்குத் துணியைக் கரண்டிக் காம்பால் குத்தித் திணித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள், அவள் கழுத்தைப் பார்த்தாள், தாலிக்கயிறு சேலைக்கு வெளியே கிடந்தது, உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். வந்துட்டியா என்றாள். கருப்பட்டிக் காப்பி போட்டாள். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டாள், பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமையாசிரியர் எப்படி என்று கேட்டாள், முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா என்று கேட்டாள். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம், பிச்சம்மாள் ஒரு முழு மருமகனையே கருப்பட்டிக் காப்பியில் கரைத்துக்கொண்டிருந்தாள். சந்தனமாரி நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். எம்மா, அவரும் வந்திருக்காரு, ஆள் அனுப்பு. இவ்வளவுதான் வாக்கியம், வழியெல்லாம் அதைத்தான் தேய்த்து மெருகேற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு திரும்பிப் போய் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது. வாங்க, அடுத்த பஸ்ஸுக்குப் போவோம் என்றா. அவர் கேள்வி கேட்க மாட்டார், அதுதான் கஷ்டம். மாங்காயைப் பற்றி ஏதாவது சொல்வார். வெளியே ஒரு வாளி தடதடவென்று உருண்டு ஓடியது. சந்தனமாரி தலையைத் திருப்பி, சத்தம் எந்தத் திசையில் இருந்து என்று கவனித்தாள். முற்றத்து வாளிதான். காற்று கொஞ்சம் ஓய்ந்தால் இன்னும் பயமாக இருந்தது, ஓய்ந்து மூச்சை இழுத்துத்தான் அது அடுத்த அடியைக் கொடுக்கும். வாசலில் ஓலை விழுந்தது. மறுபடியும் காதைக் கொடுத்தாள். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், இங்கே காதால் பேய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜாதகத்தை நம்பவில்லை, கட்டத்தை நம்பவில்லை, வள்ளியூர்க்காரரின் கண்ணாடியை நம்பவில்லை. ஆனாலும் ஒரு மனுஷன்மேல் ஆசை வைத்த உடனே எல்லாத் தகரமும் அவன் தலைக்கு மேலேதான் இருக்கிறது. இது தோஷமா, இல்லை ஆசைக்கே இப்படி ஒரு குணமா. இதை அம்மாவிடம் கேட்க முடியுமா.

"எம்மா, தங்கப்பழம் கடைத் தகரத்தை மாத்திட்டாரா?" என்று கேட்டுவிட்டாள். வாய் தன்பாட்டுக்குக் கேட்டது.

"அவன் எங்க மாத்துனான். போன ஆடியில ஒண்ணு பறந்துபோய்ப் பள்ளிக்கூடத்துச் செவத்துல சொருகி நின்னுச்சு. மிச்சத்து மேல கல்லைத் தூக்கி வச்சிருக்கான்" என்ற அம்மா, தன் டம்ளரைக் கழுவப் போனவள் நின்றாள். "அதை எதுக்கு நீ கேக்க?"

"சும்மாதான்."

"வந்ததுல இருந்து காதைத் தெக்க வச்சிக்கிட்டே இருக்க." அம்மா திரும்பினாள். அவள் கையில் டம்ளர் இருந்தது. "அங்க யாரை உக்காத்தி வச்சிட்டு வந்திருக்க?"

வகுப்பில் எதிர்த்துக் கேள்வி கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு பார்வையில் உட்கார வைக்கிற சந்தனமாரி, தன் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பதில் தேவைப்படவில்லை. கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்தாள், முந்தானையை உதறி இறுக்கிச் செருகினாள், செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்றைக் காற்று கொண்டு போயிருந்தது. அவள் வாயில் வசவு வந்துகொண்டே இருந்தது. அறிவிருக்கிறதா, படித்தவள்தானா, ஒரு ஆண்பிள்ளையைக் கொண்டுபோய் அந்தக் கல்லுக்கும் தகரத்துக்கும் கீழேயா வைப்பது, வேறு இடமே கிடைக்கவில்லையா, நடுரோட்டில் நிறுத்தியிருந்தாலும் தேவலையே. சந்தனமாரிக்குக் கோபம் வந்தது. முகூர்த்தத்துக்கு வராத ஆளுக்கு இந்த வசவு வைய என்ன உரிமை என்று தோன்றியது, தோன்றியதைச் சொல்லியும் விட்டாள். "இவ்வளவு துடிக்கிறவ அன்னைக்கு எங்க போன? நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா கதவை இழுத்து அடைக்கப் பார்த்தாள், காற்று விடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, கதவோடு மல்லுக்கட்டியபடியே சொன்னாள். "வந்து கண்ணால பாத்தேன்னா அவரு எம் மருமவன் ஆயிருவாரு மக்கா. பொறகு அவருக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். ஒங்கப்பனோட என் தெம்பெல்லாம் போச்சு." தாழ் விழுந்தது. "இப்ப ஒன்னைக் கூப்பிட்டதுகூட அதுக்குத்தான். ஆடி ஒரு மாசம், ஊரும் ஒண்ணும் சொல்லாது. ஒரு மாசமாவது அவரு ஒன்னைய விட்டுத் தள்ளி நல்லபடியா இருக்கட்டும்னு பாத்தேன். நீ என்னடான்னா கையோட கூட்டிட்டு வந்து தகரத்துக்குக் கீழ வச்சிருக்க."

சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள், ஒற்றைச் செருப்போடு. சந்தனமாரி பின்னாலேயே போனாள். அப்படியானால் கூப்பிட்டது என்னை இல்லை, என்று நினைத்தாள். எனக்காக இல்லை. முகம் தெரியாத அந்த மனுஷனை என்னிடமிருந்து காப்பாற்றத்தான் ஆடி அழைப்பு. நெஞ்சில் சுருக்கென்றது, நன்றாகவே வலித்தது. புதுப்பெண் என்று நினைத்துக்கொண்டு நல்ல சேலை இரண்டு எடுத்து வைத்திருந்தாள். கூடவே, அந்த வலிக்குப் பக்கத்திலேயே, சிரிப்பும் வந்தது. உலகத்தில் எந்த மாமியாராவது தன் பிள்ளையிடமிருந்து மருமகனைக் காப்பாற்ற இந்தப் பாடு பட்டிருப்பாளா. இரண்டு மாசமாக அம்மா இங்கே தனியாக இருந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது தெரிந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் பயந்திருப்பாள். நான் ராத்திரி அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குகிறேனே, அதைப் போல. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட. கணக்கு டீச்சர் செய்கிற காரியமா அது. முன்னால் அம்மாவின் சேலை காற்றில் ஊதி உப்பியது, அதற்குள் ஆளே இல்லை போல இருந்தது, ஆனால் நடை நிற்கவில்லை. கிழவியைக் காற்று ஓரடி பின்னால் தள்ளினால் அவள் ஈரடி முன்னால் வைத்தாள். சந்தனமாரி எட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை அம்மா உதறவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் நடந்தார்கள், பேசினால் வாய்க்குள் மணல்தான் போகும். அப்பாவைத் தின்றது செவ்வாய் இல்லை, காமாலை, இதை ஒருநாள் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது, அப்போதெல்லாம் சண்டைக்குச் சொன்னாள். இனி வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

தகரம் இருந்தது. கல்லும் இருந்தது. ஆதிலிங்கம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தங்கப்பழத்திடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திப் பிடித்திருந்தார், மணல் விழாமல் இருக்க. ஒரு காற்று வந்தது. தகரம் முழுக்க ஒருதரம் தூக்கி அமர்ந்தது, கற்கள் கடகடவென்று இடம் மாறின. சந்தனமாரியின் பிடிக்குள் அம்மாவின் முழங்கை இறுகியது. அவர் இவர்களைப் பார்த்துவிட்டார். எழுந்து, டம்ளரை வைத்து, "வாங்க அத்தை" என்று கும்பிட்டார். அங்கேயே, தகரத்துக்கு நேர் கீழே நின்றபடி. பிச்சம்மாள் முதலில் தகரத்தைப் பார்த்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். பார்க்க மாட்டேன் என்று இத்தனை நாள் இருந்தவள், ஒரேயடியாக, தலையில் நரைத்த முடியிலிருந்து காலில் தைத்துப் போட்டிருந்த செருப்புவரைக்கும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, மொதல்ல வெளிய வாங்க" என்றாள்.

அவர் உடனே வந்துவிட்டார். சொன்ன இடத்தில் நிறுத்திப் பழகிய ஆள். வந்து நின்று என்ன ஏது என்று கேட்கவில்லை, காற்று பலமாகத்தான் இருக்கு என்றார். அம்மா அவர் தலைக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டாள். சந்தனமாரி பெஞ்சின்மேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே குளத்தங்கரைப் பக்கம் திரும்பினாள். அம்மா அதட்டினாள். அங்கெல்லாம் தென்னை நிக்கு, காய் விழும், புத்தி இருக்கா ஒனக்கு. வாகை மரத்தடியும் ஆகாது, கொப்பு முறியும். மாட்டாஸ்பத்திரிப் பக்கம் கரண்ட் கம்பி தாழத் தொங்குகிறது. மரமும் கம்பியும் இல்லாத வழி என்றால் ஊரில் ஒன்றே ஒன்றுதான், கோயில் வாசலில் தொடங்கி ஊருக்கு நடுவே போகிற பெரிய தெரு. பிச்சம்மாள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து வருஷக்கணக்காகிறது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு எதிரே வந்துவிடக் கூடாது என்று ஓரமாகவும் சந்து வழியாகவுமே போய்ப் பழகியவள். இப்போது அவள் நடுத்தெருவில் முன்னால் நடந்தாள், அடுத்து மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் பையோடு சந்தனமாரி. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காற்றுக்கு அடைத்து வைத்திருந்த கதவுகள், இந்த ஊரில் காற்றைவிடப் பெரியது வேடிக்கை. மேலே ஒரு ஓடு சரிந்து விழுகிற சத்தம் கேட்டதும் அம்மா சட்டென்று நின்று, கையை நீட்டி, அவரை நெஞ்சில் தடுத்து நிறுத்தினாள். ஓடு எங்கேயோ பின்கட்டில் விழுந்தது. கையை எடுத்தாள், மறுபடி நடந்தாள். சந்தனமாரிக்குக் கண் நிறைந்தது. மணல் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மணல் இல்லை, சந்தோஷம்தான். அவருக்காகப் பயப்பட இத்தனை நாள் அவள் ஒருத்திதான் இருந்தாள், தனியாகப் பயந்து பயந்து அலுத்துப் போயிருந்தாள். இனி பாதிப் பயத்தை அம்மா பார்த்துக்கொள்வாள். மேலத்தெரு முக்கில் ஒரு பெண்பிள்ளை வாசல்படியில் நின்று, காற்றுக்கு மேலே குரல் கொடுத்து, யாரு பிச்சம்மக்கா, கூட வாரது என்று கேட்டாள்.

அம்மா நடையைத் தளர்த்தவில்லை. "எம் மருமவன்" என்றாள். "ஒங்க வீட்டு மாடியில கெடக்குத ஏணியைக் கட்டிப் போடச் சொல்லு. நாங்க இந்தப் பக்கமா வாரோம்லா."